ஏழாவது ஊசி

நூல் நுழையவில்லை. ஊசியக்கா முனையை எச்சில் தொட்டு முறுக்கி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் கோத்துப் பார்த்தாள். ம்ஹூம். நாற்பதைத் தொடப் போகிறோம், பார்வை போய்விட்டது போலிருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு ஜன்னலோரம் போய் ஊசியை வெயிலில் தூக்கிப் பிடித்தாள். பார்வையில் ஒரு கோளாறும் இல்லை. ஊசிக்குத்தான் காது இல்லை.

அது ஊசியே இல்லை. மெல்லிய கம்பித் துண்டு. ஒரு முனையைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கி, மறுமுனையில் மஞ்சள் நூலைப் பசை தடவி ஒட்டியிருந்தது. சற்று முன் அந்த நூலை உருவியபோது விரலில் பிசுபிசுத்தது நினைவுக்கு வந்தது. 'என்ன கைவேலை!' என்று ஒரு நொடி மெச்சக்கூடச் செய்தாள். அந்தக் குடும்பத்தின் புத்தி அப்படி. அடுத்த நொடிதான் உறைத்தது. இது போலி என்றால் நிஜ ஊசி எங்கே?

அந்த வீட்டில் ஊசி என்பது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. மொத்தம் ஏழு. ஊசியக்காவுக்கு மூன்று, நீல நூல். பஸ் பட்டறையில் கிழிந்த சீட்டு தைக்கும் அவள் வீட்டுக்காரருக்கு இரண்டு தடித்த ஊசி, கறுப்பு நூல். பதின்மூன்று வயதுப் பெரியவளுக்கு ஒன்று, சிவப்பு. எட்டு வயதுச் சின்னவள் வாலுவுக்கு ஒன்று, மஞ்சள். பழைய காலுறையில் மரத்தூள் அடைத்துச் செய்த ஊசிமெத்தையில் ஏழும் அவரவர் நூல்வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும். சாயங்காலம் விளக்குப் போட்டதும் நாலு பேரும் தரையில் வட்டமாக உட்கார வேண்டும். ஊசியக்கா எண்ணுவாள். ஏழு என்று அவள் வாயால் வரும் வரைக்கும் கூரை இடிந்து விழுந்தாலும் யாரும் எழுந்திருக்கக் கூடாது. எண்ணிக்கை குறைந்தால் தேடுவதற்கென்று, உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று ஆணியில் தொங்கியது. இரண்டு வருடமாக எண்ணிக்கை குறைந்ததே இல்லை. காந்தத்தின் மேல் தூசி படிந்திருந்தது.

சட்டம் வந்த கதை இது. இரண்டு வருடத்துக்கு முன்னால் வீட்டுக்காரரின் குதிகாலில் ஓர் ஊசி பாதி ஏறிவிட்டது. பழி பெரியவள் மேல் விழுந்தது. "நான் இல்லம்மா, சத்தியமா நான் இல்ல" என்று அவள் எவ்வளவோ சொல்லியும், ஜன்னலுக்கு வெளியே வெயிலில் ஒரு மணி நேரம் முட்டி போட வைத்தாள் ஊசியக்கா. அடியாத மாடு படியாது என்பது அவளுடைய பழமொழி. தெருவில் அவளுக்கு ஊசியக்கா என்று பேர் வைத்தவர்கள் தையல் தொழிலை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வைக்கவில்லை. அதெல்லாம் சரி, அந்தக் குதிகால் விஷயத்தை யாராவது எடுத்தால் மட்டும் அவள் சட்டென்று வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள்.

இப்போது அவள் மனம் போன இடம் வேறு. மெத்தைவிரிப்பு!

விடுமுறை முழுக்க அந்த வீட்டின் கொண்டாட்டமே அந்த விரிப்புதான். நாத்தனாரின் ஐந்து மாதக் குழந்தைக்கு, உருண்டை என்று கூப்பிடுவார்கள், நாலு பேரும் சேர்ந்து தைத்தது. வெளியே அனல் காய்ந்தது. உள்ளே ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, அதன் மேல் ஓட்டை போட்ட தகர டப்பாவிலிருந்து தண்ணீர் சொட்ட விட்டிருந்தார் வீட்டுக்காரர். காசு செலவில்லாத குளிர்காற்று. கழித்துப் போட்ட சீட்டுத் துணியில் அவர் கட்டிய தொட்டில் ஊஞ்சலில் பெண்கள் முறை வைத்துப் படுத்தார்கள். தின்ற தர்ப்பூசணியின் விதைகளைக்கூடக் காயவைத்துச் சாயம் பூசிக் கோத்து வாசலுக்குத் திரை ஆக்கியாயிற்று. யார் உள்ளே வந்தாலும் சலசலக்கும். மத்தியானங்களில் ஆளுக்கொரு சதுரத் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்வார்கள். பெரியவள் சிவப்புக் குடை தைத்தாள். வீட்டுக்காரர் ஒரு பஸ் தைத்தார். வட்டத் துணி மிச்சமிருந்ததால் அதற்கு ஒரு பக்கத்திலேயே ஆறு சக்கரம். "ஸ்பேர் வேணாமா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். வாலு மஞ்சள் வாத்து தைத்தாள். பழைய தலையணைப் பஞ்சை அடைத்து, நான்கு நாளைக்கு முன்னால் ஊசியக்கா ஓரம் தைத்து மூடினாள். உப்பிப்போன வாத்தின் வயிற்றைத் தட்டி, "நல்லா தின்னிருக்கு" என்றாள்.

ஒரு வாரமாக வந்து தங்கியிருந்த நாத்தனார் இன்று காலைதான் குழந்தையையும் விரிப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பத்தரை மணி பஸ். சுவரில் மணி பத்து இருபத்தொன்று.

"ஏய் வாலு!"

மேஜைக்கடியில் அட்டைப்பெட்டி வீடு கட்டிக்கொண்டிருந்த சின்னவள் தலையை நீட்டினாள். அம்மாவின் விரலிடுக்கில் இருந்த கம்பியைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போனது.

"உன் ஊசி எங்கடி?"

வாலு பெட்டிக்குள் தலையை இழுத்துக்கொண்டாள்.

"எப்ப தொலைச்சே? வாயத் திறந்து சொல்லு!"

"வாத்து... வாத்து தைக்கறப்ப. நீ சாப்பிடக் கூப்பிட்டே. போயிட்டு வந்து பார்த்தா இல்ல."

"அது பஞ்சு அடைக்கறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"பஞ்சு பாதி அடைச்சிருந்துச்சும்மா."

ஊசியக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் ஓடியது. கைப்பேசியை எடுத்து நாத்தனாரின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அதே அறையில், தையல் மெஷினுக்குப் பின்னால் அடித்தது. பெரியவள் சார்ஜர் வயரோடு அதை எடுத்துக் காட்டினாள்.

"அத்தை போனை மறந்துட்டுப் போயிட்டாங்கம்மா."

"வேற யார் போன்லருந்தாவது கூப்பிட்டா, குழந்தையை அந்த விரிப்புல போடாதேன்னு சொல்லு. மொதல்ல அதைச் சொல்லு, அப்புறம் மத்ததெல்லாம் சொல்லிக்கலாம். இந்த இடத்த விட்டு நகராதே!"

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வாலுவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். பஸ் நிலையம் நடந்தால் பதினைந்து நிமிடம். ஓடினால் பத்து. தார் உருகும் ரோட்டில் எட்டு வயதுக் குழந்தையை இழுத்துக்கொண்டு ஓடினால் பன்னிரண்டு. போய்ச் சேர்ந்தபோது பஸ் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருந்தது.

"இப்பத்தான்மா எடுத்தாங்க" என்றார் நேரம் குறிக்கும் கூண்டிலிருந்தவர். "கைக்குழந்தையோட ஒரு பொண்ணு ஏறிச்சே, அதையா தேடறீங்க? குழந்தை ஏறும்போதே வீல்வீல்னு கத்திட்டிருந்துச்சு."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஊசியக்காவின் நெஞ்சில் அது குத்தி நின்றது. மூச்சு வாங்கியபடியே வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, பாதி சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"மொதல்ல மூச்சு விடு" என்றார் அவர். பட்டறையில் யாரோ இரும்பை அடிக்கும் சத்தம் பின்னால் கேட்டது. "அந்த வண்டி வழியில எங்கயும் நிக்காது. பதினொண்ணே முக்காலுக்குப் பாதி வழி ஸ்டாண்டுல கால்மணி நேரம் நிக்கும். அங்க டைம் கீப்பர் நமக்குத் தெரிஞ்சவர்தான். நான் அவர்கிட்ட சொல்லி வைக்கறேன்."

"பதினொண்ணே முக்காலா? இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கே! டிரைவரைக் கூப்பிடுங்க, கண்டக்டரைக் கூப்பிடுங்க!"

"டிரைவர் ஓட்டறப்ப போனை அணைச்சு வச்சிருப்பார். கண்டக்டர் புதுப் பையன், நம்பர் யார்கிட்டயும் இல்ல. கேட்டுப் பார்த்துட்டேதான் இருப்பேன். நீ அங்கயே உக்காரு. அவரு உன் நம்பருக்குக் கூப்பிடுவார்."

உட்கார்ந்தாள். சிமென்ட் பெஞ்சு தோசைக்கல் போலச் சுட்டது. எதிரே ஒவ்வொரு பஸ்ஸும் குலுங்கி நிற்பதையும் குலுங்கிக் கிளம்புவதையும் பார்த்தாள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பஞ்சுக்குள் கிடக்கும் ஊசி ஒரு நெல் அளவு நகரும் என்று அவளுக்குத் தெரியும். இருபது வருடமாகத் துணியோடு வாழ்கிறவளுக்குத் தெரியாதா? பஞ்சுக்குள் போன ஊசி சும்மா இருக்காது, மெத்தென்ற இடத்தைத் தேடிக்கொண்டே போகும். உருண்டைக்குத் தொடை, முதுகு, பிடரி எல்லாமே மெத்தென்றுதான் இருந்தது. நேற்றுக் குளிப்பாட்டியபோது மடிப்பு மடிப்பாக எண்ணிச் சிரித்திருந்தாள்.

வாலு பெஞ்சின் நுனியில், எட்டினால் கை படாத தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். அடி எப்போது விழும் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஓரக்கண் பார்வை ஊசியக்காவுக்கு எரிச்சலை மூட்டியது.

"ஏன்டி சொல்லல? ஒரு வார்த்தை, ஊசியக் காணோம்னு ஒரு வார்த்தை. வாய்ல கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

"தேடினேன்மா. மூணு நாள் தேடினேன். தரை, பாயி, தொட்டிலு, எல்லாம். வாத்துக்குள்ள இருக்கும்னு தோணவே இல்ல."

"காந்தம் இருக்கே, ஆணியில தொங்குதே!"

"அதை எடுத்தா உனக்குத் தெரிஞ்சுடுமே."

"தெரிஞ்சா என்ன? தலையையா சீவிடுவேன்?"

வாலு காலை ஆட்டுவதை நிறுத்தினாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா தொலைக்கவே இல்ல. அவளையே வெயில்ல முட்டி போட வச்சே. நான் நிஜமாவே தொலைச்சுட்டேனே."

ஊசியக்கா அவள் பக்கம் திரும்பினாள். "அக்கா தொலைக்கலன்னு உனக்கு யார் சொன்னா?"

"அக்காதான் சொன்னாளே. அவ பொய் சொல்ல மாட்டா."

அவ்வளவுதான். எட்டு வயதுக்கு அது அத்தனை சுலபமாக இருந்தது. ஊசியக்காவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக் கண்ணை மூடிப் படுத்திருக்க, குதிகாலிலிருந்து ஊசியைப் பிடுங்கியவள் அவள்தான். ஊசியின் காதில் விரல்நீளம் நூல் இருந்தது. நீலம். அவளுடைய நூல். ஒரு கையால் நூலை உருவிக் கசக்கி உள்ளங்கையில் மறைத்துக்கொண்டே மறு கையால் பெரியவளின் முதுகில் ஒன்று வைத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று இரண்டு வருடமாக அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை; கேட்டால் பதில் சொல்ல வேண்டி வருமே! தப்பைத் தான் செய்துவிட்டு, பிள்ளைகள் தப்புச் செய்யாமல் இருக்கச் சட்டம் போட்டாள். அந்தச் சட்டத்துக்குப் பயந்துதான் சின்னவள் கம்பியைத் தேய்த்திருக்கிறாள். ஊரிலிருந்து வந்த குழந்தை பஸ்ஸில் கத்திக்கொண்டு போகிறது.

பதினொண்ணே முக்கால் ஆயிற்று. கைப்பேசி அடிக்கவில்லை. ஐம்பது. பெரியவளைக் கூப்பிட்டாள், அங்கேயும் யாரும் கூப்பிடவில்லை. ஐம்பத்திரண்டு. வீட்டுக்காரர் கூப்பிட்டு, "வந்துச்சா?" என்று கேட்டார். "வையுங்க போனை, லைன் பிசியா இருந்துடப் போவுது!" என்று கத்தினாள். வாலு எப்போது நகர்ந்து வந்தாள் என்று தெரியாது, அம்மாவின் துணி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஐம்பத்தாறுக்குத் தெரியாத எண்ணிலிருந்து மணி அடித்தது.

"அண்ணி? என்ன அண்ணி, மைக்ல என்னைக் கூப்பிடறாங்க, யாருக்கு என்ன ஆச்சு?" நாத்தனாரின் குரல். பின்னால் உருண்டையின் அழுகை.

"குழந்தையை எதுல போட்டிருக்கே? மொதல்ல அதைச் சொல்லு!"

"எதுல போட்டிருக்கேன்னா? மடியிலதான். ஒரே அழுகை அண்ணி, பசியும் புழுக்கமும். ஏன்?"

"மெத்தைவிரிப்பு எங்க?"

"பைக்குள்ள இருக்கு. ரொம்ப அழகா இருக்கு, வண்டில போட்டா அழுக்காயிடும். வீட்டுக்குப் போய் மொதல் மொதலா விரிக்கலாம்னு எடுக்கவே இல்ல."

ஊசியக்கா பெஞ்சில் அப்படியே சாய்ந்தாள். இருந்தாலும் குரலைப் பிடித்து நிறுத்தினாள். "அதுக்குள்ள ஒரு ஊசி இருக்கும்னு நினைக்கறேன். கையை வச்சு அமுக்கிப் பார்க்காதே. அங்க பட்டறை ஆளுங்க யார்கிட்டயாவது காந்தம் இருக்கும், திருகாணி பொறுக்கறதுக்கு வச்சிருப்பாங்க. கேளு. வாத்து இருக்கற இடத்துல வச்சுப் பார்க்கச் சொல்லு."

அதன் பிறகு வந்த நிமிடங்களை ஊசியக்கா ஆயுசுக்கும் மறக்கப் போவதில்லை. பேச்சில்லை. யாரோ நடக்கும் சத்தம். பஸ்ஸின் ஹாரன். "இங்கயா? இங்கயாம்மா?" என்று ஓர் ஆணின் குரல். உருண்டை விக்கி விக்கி அழுது ஓய்ந்தது. பிறகு நாத்தனார்.

"அண்ணி... எடுத்துட்டாங்க. வாத்தோட வயித்துல. மஞ்சள் நூலு இன்னும் இருக்கு." சற்று நிறுத்தி, சின்னக் குரலில், "நேத்து ராத்திரியே போட்டுப் பார்க்கலாமான்னு ஒரு ஆசை வந்துச்சு அண்ணி. நல்லவேளை" என்றாள்.

போன உயிர் திரும்பி வந்தது. திரும்பி வந்த உயிர் முதலில் அழுதது. வாலுவை இழுத்து அணைத்துக்கொண்டு நடு பஸ் நிலையத்தில் ஊசியக்கா அழுத அழுகையைப் பார்த்து, கூண்டிலிருந்தவர் எட்டிப் பார்த்து, "ஊருக்குப் போறவங்க திரும்பி வருவாங்கம்மா" என்று ஆறுதல் சொன்னார்.

சாயங்காலம் விளக்குப் போட்டார்கள். நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். நடுவில் ஊசிமெத்தை, ஆறு ஊசி, பக்கத்தில் அந்தக் கம்பித் துண்டு. வாலு அப்பாவின் முதுகுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தாள். அடி ஒத்திப்போடப்பட்டிருக்கிறது என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருந்தாள். ஊசியக்கா எண்ணத் தொடங்கவில்லை.

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "நானும் ஒண்ணு சொல்லிடறேன். உன் அளவு டேப்பு..."

"டேப்புக்கு என்ன?"

"ரெக்சின் வெட்டறப்ப தெரியாம கத்தி பட்டு ரெண்டா போச்சு. கண்ணுக்குத் தெரியாம ஒட்டி வச்சேன். நடுவுல அரை இஞ்சு காணாமப் போச்சு. எட்டு மாசம் இருக்கும்."

ஊசியக்கா ஆணியில் கிடந்த டேப்பை எடுத்து விரலால் தடவிக்கொண்டே போனாள். இருபத்தெட்டுக்கும் இருபத்தொன்பதுக்கும் நடுவில், மெழுகு தேய்த்து வழவழப்பாக்கிய ஒட்டு. எட்டு மாதமாக வாடிக்கைக்காரிகள் சட்டை லூசாக இருக்கிறது என்று வந்ததும், அத்தனை பேரிடமும் 'நீங்க இளைச்சுட்டீங்க' என்று அவள் அடித்துச் சொன்னதும், அவர்கள் பூரித்துப்போய்த் திரும்பியதும் நினைவுக்கு வந்தன. மற்ற நாளாக இருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். பெரியவள் முதலில் சிரித்தாள். அடக்க அடக்க அது பரவி, வாலுகூட முதுகுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து சிரித்தாள். ஊசியக்காவும் சிரித்தாள். ஆனால் என் வீட்டில் எதுவும் உடையாது, தொலையாது என்று தெருவெல்லாம் பெருமை பேசியது உறுத்தியது. உடையாத வீடு இல்லை இது. உடைந்ததை அவளுக்குத் தெரியாமல் ஒட்டிவைக்கும் வீடு.

சிரிப்பு அடங்கியது. இப்போது விட்டால் எப்போதும் முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. பெரியவளைப் பார்த்துப் பேசினாள்.

"ஏய், அன்னிக்கு அப்பா கால்ல ஏறிச்சே ஒரு ஊசி." கை தன் நீல நூலைத் தொட்டது. "அது உன்னோடது இல்ல. என்னோடது. நீல நூல் இருந்துச்சு. தெரிஞ்சேதான் உன்னை வெயில்ல முட்டி போட வச்சேன்."

வீட்டுக்காரர் தலையைக் குனிந்து தன் குதிகாலைத் தடவினார். வாசலில் விதைத் திரை லேசாகச் சலசலத்தது. பெரியவள் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. ஊசிமெத்தையிலிருந்து தன் சிவப்பு ஊசியை எடுத்து, பிரிந்திருந்த நூல்வாலை நிதானமாகச் சுற்றினாள்.

"தெரியும்மா" என்றாள்.

"தெரியுமா? எப்படி?"

"நீ நூலை ஜன்னல் வழியா வெளிய போட்டியே, நான் அங்கதானே முட்டி போட்டிருந்தேன். என் தலை மேலதான் விழுந்துச்சு."

இரண்டு வருடம். எழுநூறு சாயங்காலத்துக்கு மேல் இந்தப் பெண் இதே தரையில், இதே வட்டத்தில், அம்மா எண்ணி முடிக்கும் வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"ஏன்டி சொல்லல?" காலையில் சின்னவளிடம் கேட்ட அதே கேள்விதான். இப்போது அதில் சத்தம் இல்லை.

"நீயே ஒரு நாள் சொல்லுவேன்னு இருந்தேன்."

சொல்லிவிட்டுச் சிவப்பு ஊசியை அதன் இடத்தில் குத்தி வைத்தாள். அம்மா எண்ணுகிற நிலையில் இல்லை என்று பார்த்து, ஊசிமெத்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஒண்ணு, ரெண்டு" என்று தொடங்கி ஆறு வரைக்கும் எண்ணினாள். பிறகு கம்பித் துண்டை எடுத்து வாலுவிடம் நீட்டினாள்.

"ஆறு. ஒண்ணு வாத்துக்குள்ள இருந்துச்சு, அத்தைகிட்ட இருக்கு. சரியா இருக்கும்மா, எழுந்திருக்கலாமா?"

ஊசியக்கா சரி என்று தலையை ஆட்டினாள். யாரும் எழுந்திருக்கவில்லை.